சுவர் சொல்லும் சேதி

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்" என்று சொல்லிவைத்த நம் பெரியோர்கள், "கட்டிய வீட்டைக் காப்பாற்றிப் பார்" என்பதையும் அதோடு சேர்த்திருக்கலாம். பாடுபட்டுச் சேர்த்த பணத்தையெல்லாம் செங்கல்லும் கலவையுமாக மாற்றி, கிரகப் பிரவேசமும் நடத்தி, நாலைந்து வருஷம் நிம்மதியாக வாழ்ந்த பிறகு, ஒரு நாள் காலையில் ஜன்னல் மூலையிலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு ஓடியிருப்பதைக் காணும் கிரகஸ்தரின் மனக் கலக்கத்தை அநுபவித்தவர்களே அறிவார்கள்.

கோவில்பட்டிப் பக்கத்தில், கரிசல் பூமியில் வீடு கட்டிக்கொண்ட நண்பர் ஒருவருக்கு இந்த அநுபவம் நேர்ந்தது. அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில், செங்கற்களின் இணைப்பு வழியே படிக்கட்டைப் போல ஒரு விரிசல் ஏறியது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அதைச் சிமெண்டால் அடைத்து வெள்ளையடிப்பார்; ஒவ்வொரு சித்திரையிலும் அது முன்போலவே வாயைத் திறக்கும். மூன்றாம் வருஷம் கதவு நிலையில் இடித்துக்கொண்டு சாத்த மறுத்தது. பார்க்க வந்த ஒருவர், "அந்தப் பக்கம் முழுவதையும் இடித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை" என்று சொல்லிவிட்டார். இருந்த இரண்டு ஏக்கர் நிலத்தை அடமானம் வைக்க நண்பர் தயாரானார்.

அந்தச் சமயத்தில் வயது முதிர்ந்த கொத்தனார் ஒருவர் குறுக்கிட்டார். "ஐயா, உள்ளே காய்ச்சல் இருக்கையில் நெற்றிக்குப் பற்றுப் போட்டால் போதுமா? தண்ணீர் எங்கே போகிறதென்று முதலில் பார்ப்போம்" என்றார். அந்த ஒரு வார்த்தை நண்பரின் நிலத்தைக் காப்பாற்றியது.

கரிசல் மண்ணின் குணம் அதில் உழுகிற குடியானவனுக்குத் தெரியும். மழை பெய்தால் உப்பும். வெயில் காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வீடு முழுவதும் ஒரே அளவாக ஏறி இறங்கினால் பெரிய கேடில்லை. ஒரு மூலை உயர்ந்து மற்றொரு மூலை தாழும்போதுதான் சுவர் கிழிகிறது. நண்பர் வீட்டில் சமையலறைக் கழிவுநீர் அஸ்திவாரத்தை ஒட்டிய ஒரு குழியில் விழுந்து ஊறிக்கொண்டிருந்தது. கோடையில் சுற்றியிருந்த மண்ணெல்லாம் சுருங்க, அந்த மூலை மட்டும் ஈரத்தில் உப்பி நின்றது!

எல்லா விரிசலும் அஸ்திவாரத்தின் குற்றம் என்று அஞ்ச வேண்டியதில்லை. பூச்சில் வலைபோலப் படரும் மெல்லிய கீறல்கள் பூச்சு காய்ந்ததால் வருபவை. கான்கிரீட் கூரைக்குச் சற்றுக் கீழே படுக்கையாக ஓடும் கோடு, பெரும்பாலும் வெயிலில் கூரை விரிவதால் உண்டாவது. சாய்வாகவோ படிக்கட்டைப் போலவோ ஏறும் விரிசலே கவனிக்கத் தக்கது. அது மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்தால், சுவரின் ஓரம் இறங்குகிறது என்று ஊகிக்கலாம். கீழே அகன்றிருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது எனலாம். இவற்றோடு கதவு ஜன்னல்கள் இறுகுவதும், தரைக்கும் சுவருக்கும் இடையே சந்து விழுவதும் சேர்ந்தால் ஐயத்துக்கு இடமில்லை. நீண்ட குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளிலும் நிற்கும் நீர் மட்டத்தைக் கொண்டு மூலைக்கு மூலை தரையை அளந்தால், எது தாழ்ந்தது என்பது தெரிந்துவிடும்.

அடுத்து அறிய வேண்டியது, விரிசல் வளருகிறதா, நின்றுவிட்டதா என்பது. மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை விரிசலின் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் சிமெண்டுக் கலவையால் சுவரோடு பதித்து, அருகில் தேதியை எழுதி வையுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழியும் வரை பொறுப்பது நலம். ஆனால் விரிசல் 25 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றாலோ, சுவர் வெளிப்புறம் சாய்ந்தாலோ பொறுத்திருக்கலாகாது. அந்த அறையைக் காலி செய்துவிட்டு, தேர்ந்த பொறியாளரை உடனே அழைத்துவர வேண்டும்.

காரணம் அறியாமல் வைத்தியம் செய்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இத்தாலி தேசத்துப் பைசா நகரக் கோபுரமே சாட்சி. 1173-இல் தொடங்கிய அந்தக் கோபுரம், கட்டிக்கொண்டிருக்கும்போதே மிருதுவான களிமண்ணில் அழுந்திச் சாயத் தொடங்கியது. 1934-இல் அஸ்திவாரத்தில் துளைகளிட்டுச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினார்கள். கோபுரம் மேலும் சாய்ந்தது! 1990-இல் அதை மூடிவிட்டு, மண்ணின் இயல்பை நன்கு ஆராய்ந்தார்கள். பிறகு, தாழ்ந்த தென்புறத்தைத் தொடாமல், உயர்ந்து நின்ற வடபுறத்து அடிமண்ணைச் சிறிது சிறிதாக எடுத்தார்கள். கோபுரம் தானாகவே சற்று நிமிர்ந்தது. 2001-இல் ஜனங்கள் மறுபடியும் அதில் ஏறினார்கள்.

நம் வீட்டுக்கும் முறை அதுவே. முதலில் தண்ணீரைத் திருத்த வேண்டும். கூரை நீரும் கழிவுநீரும் சுவரோரத்தில் தேங்காமல் தொலைவில் போகட்டும். வீட்டைச் சுற்றி மூன்று நான்கு அடி அகலத்துக்கு வெளிப்புறம் சரிவாகத் தளம் போடுவது மிகுந்த பயன் தரும். பெரிய மரம் சுவரை ஒட்டி நின்றால், அவசரப்பட்டு வெட்டலாகாது. அது குடித்துவந்த நீர் மண்ணிலே தங்கி, களிமண் உப்பிவிடக் கூடும்.

இவ்வளவு செய்தும் சுவர் இறங்கினால், அஸ்திவாரத்துக்குக் கீழே புது அஸ்திவாரம் போட வேண்டும். சுவருக்கு முட்டுக் கொடுத்து, நாலடி அகலத்துக்கு மிகாத குழிகளாக, ஒன்றுவிட்டு ஒன்று தோண்டி, உறுதியான மண் வரை சென்று கான்கிரீட் இட வேண்டும். அது இறுகிய பின், மேலே விட்டுவைத்த சந்தைக் கெட்டிக் கலவையால் இடித்து நிரப்பிய பிறகே பக்கத்துக் குழியைத் தொடலாம். நீளம் முழுவதையும் ஒரேயடியாகத் தோண்டினால் சுவர் தலையில் விழும். பொறியாளர் மேற்பார்வையின்றி இதில் இறங்கவே கூடாது.

கரிசலில் புதிதாகக் கட்டுவோருக்கு நம் தேசத்திலேயே நல்ல வழி கண்டிருக்கிறார்கள். சுதந்திரம் பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே ரூர்க்கியில் தோன்றிய மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், அடியில் குமிழ்போல விரிந்த கான்கிரீட் தூண்களை அத்தகைய மண்ணுக்கென வகுத்துத் தந்தது. பருவந்தோறும் ஈரம் மாறாத ஆழத்தில் ஊன்றி நிற்பதால், மேல்மண் உப்பினாலும் சுருங்கினாலும் அவை அசைவதில்லை.

நண்பர் கழிவுநீரைத் தோட்டத்துக்குத் திருப்பி, வீட்டைச் சுற்றித் தளம் போட்டார். முதற் கோடையில் கண்ணாடி உடைந்தது. மனம் தளராமல் வேறொன்று பதித்தார். இரண்டு கோடை கடந்தும் அது முழுசாக இருந்தது. அதன் பிறகே விரிசலை அடைத்து வெள்ளையடித்தார். நிலம் அடமானம் போகவில்லை. வெள்ளையடிப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளும் கிரகஸ்தருக்கு வீடு நிலைக்கும்.