முதலில் தகட்டைச் சோதியுங்கள்



"அணுக்கருவைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று வகுப்பில் கேட்டால், "ரதர்ஃபோர்டு" என்ற பதில் உடனே வந்துவிடும். "அந்தச் சோதனையில் பயன்பட்ட தங்கத் தகட்டின் தடிப்பு எவ்வளவு?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். இரண்டாவது கேள்விக்கும் முதல் கேள்வியின் அதே மதிப்பைத் தர வேண்டும் என்பது என் கருத்து.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1909-இல் சோதனையைச் செய்தவர்கள் ஹான்ஸ் கைகரும் எர்னஸ்ட் மார்ஸ்டனும். மார்ஸ்டனுக்கு அப்போது வயது 20. அவரும் ஒரு மாணவர்தான். ரதர்ஃபோர்டு தம் 1911-ஆம் ஆண்டுக் கட்டுரையில், தங்கத் தகட்டின் தடிப்பு ஏறக்குறைய 0.00004 சென்டிமீட்டர் என்று குறிப்பிட்டார். ஆல்பா துகளைத் தடுக்கும் ஆற்றலில் அது 1.6 மில்லிமீட்டர் காற்றுக்குச் சமம் என்றும் சேர்த்து எழுதினார்.

ஏன் இந்த அக்கறை? தகடு தடிப்பாக இருந்தால், ஆல்பா துகள் பல அணுக்களால் சிறிது சிறிதாகத் திருப்பப்படும், ஆற்றலையும் இழக்கும். ஒரு பெரிய விலகல் ஒரே மோதலில் வந்ததா, பல சிறு விலகல்கள் சேர்ந்து வந்ததா என்று பிரித்தறிவது கடினம். அந்த மெல்லிய தகட்டில் சுமார் 20,000 துகள்களுக்கு ஒன்று, சராசரியாக 90 பாகை திரும்பியது. தடிப்பு தெரிந்திருந்ததால்தான், இது ஒரே மோதலின் விளைவு என்று ரதர்ஃபோர்டு கணக்கிட்டுச் சொல்ல முடிந்தது.

இன்றும் அப்படித்தான். 117-ஆம் தனிமத்தைத் தேடியபோது, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 22 மில்லிகிராம் பெர்க்கிலியம்-249-ஐத் தயாரித்து 2009-இல் ரஷ்யாவுக்கு அனுப்பியது. அதன் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய 330 நாள்களே. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பொருள் குறையும். அதை டைட்டேனியத் தகடுகளில் மெல்லியதாகப் பூசி, டுப்னா நகரில் கால்சியம்-48 கற்றையால் சுமார் 150 நாள்கள் தாக்கினார்கள். முதலில் கிடைத்தவை ஆறே அணுக்கள்! பூச்சு உரிந்துபோயிருந்தால், மீண்டும் தொடங்க வேறு பெர்க்கிலியம் கையில் இருந்திருக்காது.

தகட்டைச் சோதிக்கும் முதல் படியை நீங்களும் செய்து பார்க்கலாம். சமையலறை அலுமினியத் தாளை 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்தில் வெட்டி, பள்ளித் தராசில் நிறுங்கள். 0.43 கிராம் இருந்தால், அதைப் பரப்பளவான 100-ஆலும் அடர்த்தியான 2.7-ஆலும் வகுங்கள். தடிப்பு சுமார் 0.0016 செ.மீ. ரதர்ஃபோர்டு குறிப்பிட்ட தங்கத் தகடு இதைவிட 40 மடங்கு மெல்லியது! ஆனால் இது சராசரி மட்டுமே. சிறு துளையையும் சுருக்கத்தையும் தராசு காட்டாது. அதற்காகவே ஆய்வாளர்கள் ஆல்பா துகள்களைத் தகட்டின் பல இடங்களில் செலுத்தி, எங்கே எவ்வளவு ஆற்றல் குறைகிறது என்று அளக்கிறார்கள்.

என் வகுப்பில் ஒரு குழுவுக்குத் தடிப்பு இரு மடங்காக வந்தது. பக்கத்துக் குழுவின் விடையைப் பார்த்து, தங்கள் எண்ணை அழிக்கப் போனார்கள். நான் தடுத்தேன். தாளைப் பிரித்துப் பார்த்தால், இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. அவர்களின் அளவு சரிதான். பொருளைத்தான் யாரும் பார்க்கவில்லை.

ஆகவே, அடுத்த முறை அறிக்கை எழுதும்போது முடிவுக்கு முன் இதை எழுதுங்கள்: பொருளை எப்படித் தயார் செய்தீர்கள், எப்படிச் சோதித்தீர்கள்? ஆசிரியர்களாகிய நாங்களும் அதற்கு மதிப்பெண் தர வேண்டும்.