சுவரொட்டி யாரை அழைக்கிறது?

பெரிய நட்சத்திரம் ஒருவரின் புதுப்படத்துக்கு ‘ஃபர்ஸ்ட் லுக்’ வருகிறது என்றால், அதில் என்ன இருக்கும் என்பதைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். நாயகன் தனியாக நிற்பார் அல்லது அமர்ந்திருப்பார். பார்வையில் கோபம். கையில் அரிவாள், துப்பாக்கி, கோடரி என ஏதேனும் ஒன்று. பின்னால் தீ, புகை, தெறிக்கும் ரத்தம். 2023-இல் வெளியான ‘லியோ’வின் முதல் சுவரொட்டியில் விஜய்யின் கையில் இருந்தது ரத்தம் படிந்த சுத்தியல். முகத்தையும் தலைப்பையும் மறைத்துவிட்டால் இந்தச் சுவரொட்டிகளில் பலவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாது. கதை எந்த ஊரில் நடக்கிறது, இவர் என்ன வேலை செய்கிறார், இவரைச் சுற்றி யாரெல்லாம் வாழ்கிறார்கள் என்பதற்குச் சிறு தடயமும் கிடைக்காது. இவை வன்முறையைத் தூண்டுகின்றனவா என்பது தனி விவாதம். என் கவலை வேறு. தமிழ் சினிமாச் சுவரொட்டி, தான் அழைக்கும் கூட்டத்தைத் தானே சுருக்கிக்கொண்டிருக்கிறது. நாயகனுக்காக முதல்நாள் முதல்காட்சிக்கு ஓடிவரும் இளைஞன் ஒருவனைப் பார்த்து மட்டுமே அது பேசுகிறது.

எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஓவியர்கள் தூரிகையால் வரைந்து, சிவகாசி அச்சகங்களில் அச்சாகி ஊர் ஊராகப் போன காலத்துச் சுவரொட்டிகளை எடுத்துப் பாருங்கள். நாயகன், நாயகி இருவரின் முகங்களும் பெரிதாக இருக்கும். ஒரு பக்கம் கண்கலங்கிய தாய், இன்னொரு பக்கம் நகைச்சுவை ஜோடி, கீழே சண்டைக் காட்சியின் ஒரு துண்டு, மூலையில் பாட்டுக்கு ஆடும் கோலம். இவ்வளவையும் ஒரே தாளில் அடைத்தது அழகுணர்ச்சி இல்லாததால் அல்ல, அதன் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. தாயின் கண்ணீரைப் பார்த்து வருகிறவர் ஒருவர், சிரிக்க வருகிறவர் ஒருவர், சண்டைக்காக வருகிறவர் இன்னொருவர். வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேருக்கும் அந்தத் தாளில் ஓர் இடம் இருந்தது. ‘தாய்க்குலத்தின் பேராதரவு பெற்ற’ என்ற வரியை அன்றைய விளம்பரங்கள் பெருமையோடு போட்டுக்கொண்டன என்றால், பெண்கள் வராமல் படம் ஓடாது என்பது தயாரிப்பாளர்களுக்கும் விநியோகஸ்தர்களுக்கும் தெரிந்திருந்தது என்றே பொருள்.

இதற்கு வியாபாரத் தரப்பிலிருந்து வரும் பதில் வலுவானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இன்று பெரிய படம் ஒன்றின் தலையெழுத்து முதல் மூன்று நாள் வசூலில் எழுதப்பட்டுவிடுகிறது. அந்த மூன்று நாளும் அரங்கை நிரப்புகிறவர்கள் ரசிகர்கள். எனவே சுவரொட்டி அவர்களை நோக்கித்தானே பேச வேண்டும் என்கிறார்கள். ஆனால், அந்த ரசிகர்கள் சுவரொட்டி இல்லாவிட்டாலும் வரப்போகிறவர்கள். நடிகரின் பெயர் ஒன்றே அவர்களுக்குப் போதும். ஏற்கெனவே வீட்டுக்குள் இருப்பவரை வாசலில் நின்று கூவி அழைப்பதற்காக அத்தனை செலவும் செய்யப்படுகிறது. வரலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்பவருக்கோ ஒரு சொல்லும் இல்லை. படம் வெளியாகி இரண்டாவது வாரம் ஓடத் தொடங்கியதும் என்ன நடக்கிறது என்பதைக் கவனித்தால் இந்தப் பிழை புரியும். அப்போது ஒட்டப்படும் சுவரொட்டிகளில் மனைவியும் குழந்தையும் சிரிப்பும் வந்து சேர்கின்றன. ‘குடும்பத்தோடு கண்டுகளியுங்கள்’ என்ற வரியும் கூடவே வருகிறது. குடும்பங்கள் எதைப் பார்த்து வரும் என்பதைத் திரைத்துறை மறந்துவிடவில்லை. தெரிந்தும் முதலில் அவர்களை அழைக்காமல் விடுகிறது.

இந்தப் போக்கின் உச்சம் என்று நான் கருதுவது 2019-இல் வந்த ‘பிகில்’. பெண்கள் கால்பந்து அணி ஒன்றின் கதை அது. திருமணத்தோடு விளையாட்டை விட்டவர், அமிலம் வீசப்பட்டு முகம் சிதைந்தவர் எனப் பார்வையாளர்களைக் கலங்கவைத்த பெண்கள் அந்த அணியில் இருந்தார்கள். முதல் சுவரொட்டியை ஆக்கிரமித்ததோ இரண்டு விஜய்களும் கட்டையில் குத்தி நின்ற ஒரு கத்தியும். அந்தப் பெண்களில் ஒருவர் விஜய்யின் அருகில் நின்றிருந்தால் அவருடைய ரசிகர் ஒருவரேனும் வராமல் போயிருப்பாரா? மாறாக, கால்பந்து ஆடும் மகளை வைத்திருக்கும் ஒரு தகப்பன் அந்தச் சுவரின் முன்னால் இன்னும் சற்று நேரம் நின்றிருப்பார்.

கைப்பேசித் திரைதான் இதற்குக் காரணம் என்றும் சிலர் வாதிடுகிறார்கள். விரல் நீளத் திரையில் பத்து முகங்களை வைத்தால் எதுவும் தெரியாது, ஒரே முகம்தான் எடுபடும் என்பது அவர்கள் வாதம். ‘காலா’வின் அனுபவம் இதற்கு நேர் எதிராக இருக்கிறது. 2017-இல் வெளியான அதன் சுவரொட்டி ஒன்றில் ரஜினிகாந்த் ஒரு ஜீப்பின் மேல் அமர்ந்திருந்தார், அருகில் ஒரு நாய். அந்த வண்டியின் எண் பலகையில் ‘பிஆர் 1956’ என்று இருந்தது. பார்த்தவர்கள் அதைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் படித்தார்கள். பி.ஆர். அம்பேத்கரின் பெயரையும், அவர் பௌத்தம் தழுவி, மறைந்த ஆண்டையும் அதில் கண்டார்கள். படம் திரைக்கு வர ஓராண்டு இருக்கும்போதே அதன் அரசியல் விவாதமாகிவிட்டது. சுவரில் ஒட்டிய தாளைப் பேருந்தில் போகிறவர் சில நொடிகளே பார்க்க முடியும். கைப்பேசியில் அதே படத்தை நிறுத்தி, பெருக்கி, நண்பருக்கு அனுப்பி, நாள் முழுக்கப் பேச முடியும். நுணுக்கத்துக்கு இத்தனை வாய்ப்பு சுவரொட்டிக்கு முன்பு எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை.

ஆயுதமும் முறைப்பும்தான் மக்களை ஈர்க்கும் என்ற நம்பிக்கையும் சோதித்துப் பார்க்க வேண்டியது. தமிழக வரலாற்றில் மிக வலிமையாக வேலைசெய்த சுவரொட்டிகளில் ஒன்று சினிமாவுக்காக அச்சிடப்பட்டதல்ல. 1967 ஜனவரி 12-ஆம் தேதி எம்.ஆர்.ராதாவால் சுடப்பட்ட எம்.ஜி.ஆர்., கழுத்தில் கட்டுடன் இருக்கும் படத்தை திமுக தேர்தல் சுவரொட்டியாக்கியது. திரையில் வாள் வீசிய நாயகன் அதில் காயம்பட்ட மனிதராக இருந்தார். பிரச்சாரத்துக்கே போக முடியாத அவர் பரங்கிமலையில் வென்றார். திமுக ஆட்சியைப் பிடித்தது. அந்த வெற்றிக்குப் பல காரணங்கள் உண்டு, சுவரொட்டியை மட்டும் அதற்குப் பொறுப்பாக்குவது மிகை. ஆனால், வலியைச் சுமந்த ஒரு முகம் ஆணையும் பெண்ணையும் ஒருசேர நிறுத்திப் பார்க்கவைத்தது என்பதில் ஐயமில்லை.

நட்சத்திரம் இல்லாத படங்களைக் காட்டி இதை மறுக்கலாம். ‘கடைசி விவசாயி’ ஒரு முதிய உழவரை மையத்தில் வைத்த படம். 2022-இல் அது பெரிய வசூல் எதையும் காணவில்லை. உண்மைதான், நேர்மையான படிமம் வெற்றிக்கு உத்தரவாதம் தராது. ரத்தம் தெறிக்கும் சுவரொட்டியும் அந்த உத்தரவாதத்தைத் தருவதில்லை. அப்படி வந்து மூன்றாம் நாளே ஆளில்லாமல் போன படங்கள் எத்தனையோ. குப்பத்துச் சிறுவர்கள் இருவரை நம்பி 2015-இல் வந்த ‘காக்கா முட்டை’ விருதும் பெற்றது, வசூலும் கண்டது.

ஆயுதம் ஏந்திய சுவரொட்டிகளுக்குத் தடை எதையும் நான் கேட்கவில்லை. படத்துக்குச் சான்றிதழ் தரும் தணிக்கை வாரியம் சுவரொட்டிகளைப் பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டாம். 2018-இல் ‘சர்கார்’ சுவரொட்டியில் விஜய்யின் வாயிலிருந்த சிகரெட்டுக்கு எதிர்ப்பு எழுந்து, சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியதும் தயாரிப்பு நிறுவனம் அதை இணையத்திலிருந்து நீக்கியது. புகையிலைக்குச் சட்டம் இருந்ததால் அது நடந்தது. அரிவாளுக்கும் ஒரு சட்டம் வந்தால் கையிலிருந்து அரிவாள் போகுமே தவிர, நாயகியோ தாயோ ஊரோ அந்தத் தாளுக்குள் வந்துவிடமாட்டார்கள். அவர்களை உள்ளே கொண்டுவரத் தயாரிப்பாளர்தான் டிசைனரிடம் வேறு மாதிரி கேட்க வேண்டும். நாயகனின் படங்களை மட்டும் கொடுத்து ‘மாஸாக ஒன்று’ கேட்டால் அது மட்டும்தான் வரும். கதையைப் படிக்கக் கொடுத்துவிட்டு, ரசிகர் அல்லாத ஒருவரைத் திரையரங்குக்கு அழைத்துவா என்று கேட்டால், எண் பலகையில் வரலாற்றை எழுதத் தெரிந்த இதே துறைக்கு அது இயலாத காரியம் இல்லை.