சாக்கு, நிழல்வலை அறுக்க எந்த மடக்குக் கத்தி நல்லது?

கேள்வி: தீவனச் சாக்கு, நிழல்வலை, தார்ப்பாய், வேலியில் கட்டும் பழைய சேலை என்று தோட்டத்தில் தினமும் எதையாவது அறுக்க வேண்டியிருக்கிறது. போன மாதம் சாக்கைக் குத்தியபோது மடக்குக் கத்தி மடங்கி, வீட்டுக்காரரின் விரலைப் பதம் பார்த்துவிட்டது. அடுத்த கத்தி வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில் பார்க்க வேண்டியது கூர் அல்ல, பூட்டு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பேனாக்கத்திகள் பலவற்றில், விரித்த அலகை ஒரு ஸ்பிரிங் மட்டுமே பிடித்திருக்கும். இழுத்து அறுக்கும்வரை சிக்கல் இல்லை. முனையால் குத்தினாலோ, அலகின் முதுகில் அழுத்தம் விழுந்தாலோ அது விரல்மேல் மடங்கிவிடும். அலகை விரித்ததும் 'டக்' என்று பூட்டிக்கொண்டு, பூட்டை விடுவித்தால் மட்டுமே மடங்கும் கத்தியைத்தான் வாங்க வேண்டும். கடையிலேயே சோதிக்கலாம். அலகு மடங்கும் வழியில் விரல் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, அதன் முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்த வேண்டும். லேசாக ஆடினாலும் வேண்டாம்.

அளவு: அலகு 3 அங்குலம் போதும். நான்கு விரல்களும் அடங்கும் அளவுக்குப் பிடி இருக்க வேண்டும். பிடி வழவழப்பாக இருந்தால் வியர்வைக் கையில் வழுக்கும்.

வாய்: நெல் அறுக்கும் கருக்கரிவாள் போலப் பல் வைத்த வாய், கயிற்றுக்கும் கனத்த கோணிக்கும் நல்லது. துணியிலும் வலையிலும் பற்கள் நூலை மாட்டி இழுத்துப் பிசிறாக்கிவிடும். பல் வைத்ததைச் சாணை பிடிப்பதும் சிரமம். பல வேலைக்கும் ஒரே கத்தி என்றால் பல் இல்லாத நேர் வாய்தான் ஏற்றது. முனை ஊசியாக இல்லாமல், முதுகு வளைந்து இறங்கி மொட்டையாக முடிந்தால் இன்னும் நல்லது. அடியில் இருக்கும் வலையையோ, கையையோ குத்தாது.

இரும்பு: துருப்பிடிக்கும் ரக எஃகில் கூர் சீக்கிரம் ஏறும். ஆனால், உரச்சாக்கு பிரித்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால் உரத்தின் உப்பு அரித்துவிடும். துடைத்து வைக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்குத் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே சரி.

தள்ளித் தள்ளி ஒடித்துக்கொள்ளும் பிளேடு கட்டர் துணியை அருமையாக அறுக்கும். ஆனால், மாட்டுத் தீவனத்துக்குப் பக்கத்தில் அது கூடாது. ஒடிந்த துண்டு தவிட்டில் விழுந்தால் மாடு மெல்லாமல் விழுங்கிவிடும். வயிற்றின் இரண்டாம் அறையில் தங்கும் அந்த இரும்பு, அங்கிருந்து குத்தி நெஞ்சுவரை போய் உயிரைப் பறிக்கலாம். அறுத்த சாக்கு நூலையும் பிளாஸ்டிக் துணுக்கையும்கூட தொட்டிக்கு அருகில் போடக் கூடாது.

அறுக்கும் முறை: தொளதொளவென்று கிடக்கும் துணி எவ்வளவு கூரான கத்திக்கும் மடிந்து கொடுக்கும். ஒருவர் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் பிடித்த கைக்கு எதிர்ப்பக்கமாக இழுத்து அறுக்க வேண்டும். மடியிலோ தொடையிலோ வைத்து அறுக்கவே கூடாது. அடியில் ஒரு பலகை போட்டால் போதும். கத்தி மழுங்கினால் கை கூடுதலாக அழுத்தும், வழுக்குவதும் அப்போதுதான். பருத்திச் சேலையாக இருந்தால் கரையில் ஒரு நறுக்கு வைத்துக் கையால் கிழித்தாலே இழை பிடித்து நேராகக் கிழியும்.

சாக்கின் வாயைப் பெரும்பாலும் குத்தவே தேவையில்லை. மெஷினில் போட்ட சங்கிலித் தையல், தைத்து முடித்த முனையிலிருந்து உருவினால் முழுவதும் கழன்றுவிடும். அந்த முனையில் நூலை மட்டும் நறுக்கி இழுக்க வேண்டும். வராவிட்டால் மறுமுனையில் முயலலாம். சாக்கும் கிழியாது; மறுபடி பயன்படும்.

பிளாஸ்டிக் இழையில் நெய்த சாக்கையும் தார்ப்பாயையும் அறுத்தால் ஓரம் பிரியும். ஓரத்தை மடித்துத் தைக்கலாம். அல்லது பழைய கம்பியைச் சூடாக்கி, காற்றோட்டமான இடத்தில் ஓரத்தை லேசாக உருக்கி ஒட்டவைக்கலாம். இதற்கு மடக்குக் கத்தியை நெருப்பில் காட்டக் கூடாது. எஃகின் பதம் போய், அதன்பின் கூர் நிற்காது.

பராமரிப்பு: பூட்டு இருக்கும் இடுக்கில் மண் சேர்ந்தால் அலகு சரியாகப் பூட்டாது. வாரம் ஒருமுறை பழைய பல் பிரஷால் சுத்தம் செய்து, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட வேண்டும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். சாணைக்கல் கைவசம் இல்லாதபோது, பீங்கான் கோப்பையின் அடியில் சொரசொரப்பாக இருக்கும் வளையத்தில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தீட்டினால் அவசரத்துக்கு உதவும்.

கையில் வெட்டுப்பட்டால் ஓடும் நீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். காபித்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமி இருப்பதால், தடுப்பூசி தேவையா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றே கேட்டுவிட வேண்டும். விரலை மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டாலும், நுனி மரத்துப் போனாலும் தசைநாரோ நரம்போ அறுந்திருக்கலாம். அது வெறும் தையலோடு முடியும் காயம் அல்ல. உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்குப் போன மாதக் காயம் ஆறிய பிறகும் விரல் முழுதாக மடங்கவில்லை என்றால், இன்னும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.