நகரை வரைந்து காண்போம்

நகரத்துள் வாழும் நாம் நகரத்தைக் காண்பதில்லை, கடந்து செல்கின்றோம். இக்குறை நீங்குதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பென்சிலும் சிறு ஏடும் கொண்டு வீதியோரத்தில் அமர்ந்து, கண்டதைக் கண்டவாறே வரைதலே அது.

“கைப்பேசியால் நொடியிற் படம் எடுக்கலாமே, வரைவது எதற்கு?” என நண்பர் சிலர் வினவுவர். படம் எடுப்பவன் ஒருமுறை பார்க்கின்றான். வரைபவனோ ஒவ்வொரு கோட்டிற்கும் ஒருமுறை பார்க்கின்றான். வளைவுகள் எத்தனை, நிழல் எப்பக்கம் சாய்கின்றது, சுண்ணம் எவ்விடத்தில் உதிர்ந்துள்ளது என்பன அவனுக்கே புலப்படும்.

தாமஸ் டானியல், அவர் உடன்பிறந்தார் மகன் வில்லியம் என்னும் ஆங்கில ஓவியர் இருவர் 1792-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தனர். அவர்தம் சித்திரங்களால் அக்காலத்து ஜார்ஜ் கோட்டையின் தோற்றத்தை இன்றும் அறிகின்றோம். 1900-இல் திறக்கப்பெற்ற மூர் மார்க்கெட்டோ 1985-இல் தீக்கிரையாயிற்று. நாள்தோறும் அங்குச் சென்று வந்தோருள் அதன் செங்கல் வளைவுகளை எதிரே அமர்ந்து வரைந்தவர் எத்துணையர்?

வெயில் கொடிதென்பர், காலை 7 மணிக்கு முன் சென்றால் அது வருத்தாது. வழிப்போக்கர் கூடி நிற்பின் நாணம் உண்டாகுமென்பர். சிறிது நேரத்தில் அவர்களே அக்கட்டிடத்தின் பழங்கதைகளைச் சொல்லத் தொடங்குவர். கோடு கோணினும் குற்றமில்லை. கண் பயின்றதே ஊதியம்.

ஆதலின் மாணவ நண்பர்காள்! வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்குங்கள். 1908-இல் திறக்கப்பெற்ற எழும்பூர் ரயில் நிலையத்தின் எதிரிலோ, நும் தெருமுனைப் பழைய திண்ணை வீட்டின் எதிரிலோ அமருங்கள். அழிந்தபின் இரங்குதலினும், நிற்கும்போதே நோக்குதல் நன்று.