“அங்க என்ன இருக்கு?” என்று கேட்ட அத்தனை பேருக்கும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே, இதையும் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி போட்டேன். “பொங்கல் கழிந்ததும் நானும் என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவரும் பன்னிரண்டு நாள் லாவோஸ் போகிறோம்.” அவ்வளவுதான். என் மகன், “அம்மா, அங்க என்ன இருக்கு? பேசாம சிங்கப்பூர், மலேசியா போயிட்டு வாங்க, நான் டிக்கெட் போட்டுத் தரேன்” என்றான். தம்பி, “அக்கா, அது ஆபத்தான ஊரு” என்றான். நாத்தனார், “அது எந்தப் பக்கம் இருக்கு அண்ணி?” என்று கேட்டாள்.

நாத்தனார் கேட்டதில் தப்பே இல்லை. தெரியாததைக் கேட்டாள். மற்றவர்கள் தெரியாததை வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்கள். என் சண்டை அவர்களோடுதான்.

முதலில் நாத்தனாருக்குப் பதில். தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நடுவில், வடக்கே சீனா, மியான்மர், தெற்கே கம்போடியா. தென்கிழக்கு ஆசியாவில் கடலே இல்லாத ஒரே நாடு. பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. மக்கள் தொகையோ நம்மில் பத்தில் ஒரு பங்குதான். மேற்கு எல்லையில் பெரும்பாலும் மேகாங் நதி ஓடுகிறது. தலைநகர் வியன்டியான் அந்த நதிக்கரையில்தான் இருக்கிறது.

இப்போது “அங்க என்ன இருக்கு?” என்பதற்கு வருகிறேன். இந்தக் கேள்வியை சிங்கப்பூர் போகிறவரிடம் யாரும் கேட்பதில்லை. ஏனென்றால் ஏற்கெனவே ஆயிரம் பேர் நின்று படம் எடுத்த இடத்தில் நாமும் நின்று படம் எடுத்தால்தான் நமக்கு அது சுற்றுலா. நான் சிங்கப்பூரைக் குறை சொல்லவில்லை. அங்கே நம் சனங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், என் மாணவர்களே பத்துப் பேர் இருப்பார்கள். அது உறவுக்காரர் வீட்டுக்குப் போய் கோடாலித் தைலம் வாங்கிக்கொண்டு வருவது மாதிரி. போகலாம், நல்லதுதான். ஆனால் அதை மட்டுமே உலகம் என்று நினைக்காதீர்கள்.

இதில் என் குற்றமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் உங்களைத் திட்டினால் அது நியாயம் இல்லை.

ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்தேன். கரும்பலகையில் ஆசிய வரைபடம் எத்தனை தடவை போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. “நிலத்தால் சூழப்பட்ட தென்கிழக்கு ஆசிய நாடு எது?” “லாவோஸ்.” ஒரு மதிப்பெண். ஒரு நாள் கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “டீச்சர், கடல் இல்லைன்னா அவங்க உப்புக்கு என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. “பரீட்சைக்கு வராது, உட்காரு” என்று அதட்டினேன். அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவன் எதையும் கேட்டதில்லை. ஆசிரியர் பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுத்ததே, கேள்வி கேட்கிற பிள்ளையை அடக்காதே என்பதுதான். “அங்க என்ன இருக்கு?” என்று இன்றைக்கு நீங்கள் கேட்கிறீர்கள் என்றால், அன்றைக்கு என்னை மாதிரி ஆட்கள் “உட்காரு” என்று சொன்னதும் ஒரு காரணம்.

அடுத்து ஆபத்து. தம்பி ஒரு செய்தி அனுப்பினான். 2024 நவம்பரில் வாங் வியெங் என்ற ஊரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். உண்மை, கொடுமை. அதே ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் எதனால் செத்தார்கள் தம்பி? அதற்காகத் தமிழ்நாட்டுக்கு யாரும் வராதீர்கள் என்று நாம் சொன்னோமா? தவிர, நாங்கள் இரண்டு கிழவிகள் காப்பிக்கு மேல் எதையும் குடிப்பதில்லை.

இன்னொரு ஆபத்தும் நிஜம். அதை என் மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம் என்று ஆசை காட்டி, லாவோஸின் வடமேற்கு மூலையில் தங்க முக்கோணம் என்கிற பகுதிக்கு இளைஞர்களைக் கூட்டிப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு இணைய மோசடி செய்ய வைத்தார்கள். நம் தூதரகம் பல பேரை மீட்டு அனுப்பியது. சுற்றுலா விசாவில் வேலைக்கு வா என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். ஆனால் அந்த மோசடிக்கு அந்த நாட்டு விவசாயியா காரணம்? நம் ஊர் ஏஜெண்டையும் சேர்த்து அல்லவா திட்ட வேண்டும்!

அந்த மண்ணில் பெரிய ஆபத்து எது என்று நான் சொல்கிறேன். வியட்நாம் போர் என்று பாடத்தில் படித்தீர்கள். அதே காலத்தில், 1964 முதல் 1973 வரை, பக்கத்தில் இருந்த லாவோஸ் மேல் அமெரிக்க விமானங்கள் இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. 1962இல் ஜெனீவாவில் நடுநிலை நாடு என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நாடு அது. குண்டு போட விமானங்கள் வந்துபோனது 5,80,000 தடவை. ஒன்பது ஆண்டில் எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டு வகுத்துப் பாருங்கள். இரவு பகலாக எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை! கொத்துக்குண்டுகளுக்குள் இருந்த சின்னச் சின்னக் குண்டுகள் மட்டும் 27 கோடி. அதில் 8 கோடி வெடிக்காமல் மண்ணுக்குள் போய்விட்டது. பந்து மாதிரி இருக்கும். பிள்ளைகள் எடுத்து விளையாடும், உழுகிறவன் கலப்பையில் மாட்டும். போர் முடிந்த பிறகும் இருபதாயிரம் பேருக்கு மேல் செத்தோ, கை கால் இழந்தோ போனார்கள். இந்தக் குண்டுகளைத் தடை செய்யும் 2008 உடன்படிக்கையில் அமெரிக்கா கையெழுத்துப் போடவில்லை. நம் நாடும் போடவில்லை. இதைப் பற்றி ஒரு வரிகூட நான் வகுப்பில் சொன்னதில்லை, எனக்கே அப்போது தெரியாது.

வியன்டியானில் கோப் என்ற நிலையத்தில், குண்டில் கால் போனவர்களுக்குச் செயற்கைக் கால் கிடைக்க உதவுகிறார்கள். போய்ப் பார்க்கலாம். அங்கே ஒரு நாள். பிறகு சியெங் குவாங்கில் ஜாடிச் சமவெளி. நம் முதுமக்கள் தாழியை நினைவுபடுத்தும் பெரிய பெரிய கல் ஜாடிகள். இரும்புக் காலத்தவை, ஈமச்சடங்கோடு தொடர்புடையவை. 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே நடக்கும்போது பாதையில் பதித்த கல்லில் வெள்ளைப் பக்கம் குண்டு அகற்றிய இடம், அதைத் தாண்டக் கூடாது. தாண்ட மாட்டோம், தம்பி பயப்பட வேண்டாம்.

அடுத்து, ஒரு பழைய மாணவன் பெருமையாக ஒன்று அனுப்பினான். “டீச்சர், லாவோஸ் நம்ம சோழர் ஆண்ட நாடு!” தம்பி, 1025இல் ராஜேந்திரன் கப்பல் படை போனது ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களுக்கு. கடலே இல்லாத நாட்டில் கப்பலை எங்கே நிறுத்தினார்கள்? இல்லாத பெருமை எதற்கு, இருக்கிற உறவு போதாதா? தெற்கே சம்பாசக்கில் வாட் பூ என்று கெமர் மன்னர்கள் எடுப்பித்த சிவன் கோயில் இருக்கிறது. பின்னால் இருக்கும் மலை உச்சியே லிங்க வடிவம். இன்றைக்கு அங்கே புத்தரை வணங்குகிறார்கள். அங்குள்ள ராமாயணத்தின் பெயரில் லட்சுமணன் பெயர்தான் முதலில் வரும், ராமன் பெயர் பிறகு. ஆசிரியரை அவர்கள் ‘கூ’ என்கிறார்கள், நம் ‘குரு’தான் அது. இது உறவு. ஆண்டோம் என்று மார்தட்டிக்கொண்டு போனால் இதெல்லாம் கண்ணில் படாது.

கடைசியாக, சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவர். “மேடம், தாய்லாந்து பேக்கேஜ்லயே படகுல கூட்டிட்டுப் போய் ஒரு மணி நேரம் லாவோஸ் காட்டிடலாம்” என்றார். ஆற்று நடுவில் ஒரு தீவு, அதில் கடைகள், ஒரு படம், திரும்பி வா. அவ்வளவுதான் ஒரு நாடு! ஆறு நாள் பேக்கேஜுக்கு அவர் கேட்ட பணத்தில் எங்களுடைய பன்னிரண்டு நாள் முடிகிறது. இணையத்தில் விசா விண்ணப்பிக்கலாம். நேர் விமானம் இல்லை, பாங்காக் வழியாகப் போகிறோம். வியன்டியானிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு, 2021இல் சீனா போட்டுக்கொடுத்த பாதையில் இரண்டு மணி நேர ரயில். அந்தப் பாதைக்கு வாங்கிய கடன் அந்தச் சின்ன நாட்டுக்குப் பெரிய சுமை என்பதையும் தெரிந்துகொண்டுதான் ஏறுகிறோம்.

போகிற இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்றும் முடிவு செய்துவிட்டோம். லுவாங் பிரபாங்கில் விடியற்காலையில் துறவிகள் வரிசையாக வந்து பிச்சை ஏற்பார்கள். அது வழிபாடு. பயணிகள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டி அதைக் காட்சிப் பொருளாக்கிவிட்டார்கள். நம் வீட்டுத் திதியில் யாராவது அப்படி வந்து படம் எடுத்தால் சும்மா இருப்போமா? நாங்கள் எதிர்த் தெருவில் நின்று பார்ப்போம். யானை மேல் ஏற மாட்டோம். ஒட்டரிசிச் சோற்றை மூங்கில் கூடையிலிருந்து கையால் உருட்டிச் சாப்பிடுகிறார்கள், நமக்கென்ன கஷ்டம்? மீன் ஊறல் இல்லாத குழம்பு கிடைப்பதுதான் சிரமம். அதற்கு ஊறுகாய் இருக்கிறது.

மகனே, உன் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் இது என் பென்ஷன், என் முழங்கால், என் ஆசை. அறுபத்தாறு வயதில் ஒருத்தி எங்கே போக வேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும். உன் டிக்கெட் பணத்தில் பேத்திக்கு ஒரு நல்ல அட்லஸ் வாங்கிக் கொடு. அவள் கேள்வி கேட்டால், தெரியவில்லை என்றாலும் சேர்ந்து தேடு.

அந்தக் கடைசி வரிசைத் தம்பிக்கு: நீ இதைப் படிக்கிறாயா தெரியவில்லை. பதில் கிடைத்துவிட்டது. வியன்டியானுக்கு வடக்கே கோக் சா-ஆத் என்ற கிராமத்தில் பூமிக்கு அடியிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துக் காய்ச்சி உப்பு எடுக்கிறார்கள். எங்கள் பயணத்தில் முதலில் குறித்து வைத்த இடம் அதுதான். உன்னை உட்காரச் சொன்னது என் தப்பு. விலாசம் அனுப்பு, ஒரு பொட்டலம் உப்பு வாங்கி வருகிறேன்.

மற்றவர்கள் கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள். “அங்க என்ன இருக்கு?” என்பதைத் தவிர.