கேட்டுவிட்டு அனுப்புங்கள்

போன வருடம் ஏப்ரல் கடைசியில் மகள் போன் செய்தாள். "அப்பா, பசங்களுக்கு லீவு விட்டாச்சு. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடறோம்." முடியுமா என்ற கேள்வியே இல்லை.

பேரன் பேத்தி வருவது சந்தோஷம்தான். ஆனால் ஜூன் பிறந்து அவர்கள் கிளம்பியதும் என் மனைவி முழங்கால் வலியில் பத்து நாள் படுத்துவிட்டாள். நான் அவர்களோடு பரமபதம் ஆடினேன். காலை இட்லியிலிருந்து இரவு பால் வரை அடுப்படியில் நின்றவள் அவள். அதைக் கவனிக்காதது என் தப்பு.

மகளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் கணக்குப் பார்க்கும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் உண்டு. சட்டப்படி, அது ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான். எட்டு வயதுப் பையன் மே மாதம் முழுக்க எங்கே போவான்? சம்மர் கேம்ப்பும் மதியத்தோடு முடிந்துவிடுகிறது. லீவு நாட்களிலாவது பெரிய பிள்ளைகளுக்கும் அங்கே ஓர் அறை ஒதுக்கக்கூடாதா?

இந்த வருடம் முன்பே பேசிவிட்டோம். இரண்டு வாரம் எங்களிடம், பிறகு சம்பந்தி வீடு, கடைசியில் மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கு ஒரு வாரம் லீவு. சமையலுக்கு ஓர் அம்மாள் வருகிறார். சம்பளம் மகள் தருகிறாள். காய் நறுக்குவது நான்.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். முடியாததை முடியாது என்று சொல்வது பாசக் குறைவு இல்லை. சொல்லாமல் செய்துவிட்டுப் படுத்துக்கொண்டால், பிள்ளைகளுக்குத்தான் இரட்டைக் கஷ்டம்.