நல்ல நாளில்தான் கவனம்

முடக்குவாதம் வந்து 9 ஆண்டுகளாகின்றன. காலை ஐந்தரைக்கு எழுந்தால் ஏழு மணிக்குத்தான் விரல்கள் மடங்கும். வெந்நீரில் குளித்துவிட்டு, எங்கள் வீவக வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டு நாற்காலியைச் சுவரோரம் போட்டு 15 நிமிடம் யோகா. பாயில் உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும்.

மூச்சை இழுத்தபடி கைகளை எட்டும்வரை உயர்த்துவேன், விட்டபடி இறக்குவேன். பிறகு தோள், கணுக்கால், இடுப்பு. மணிக்கட்டில் உடல் எடை விழும் ஆசனம் எதுவும் இல்லை. மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் அன்றைக்கு மூச்சுப் பயிற்சி மட்டும். மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்கும் தோழிகளுக்கு: இல்லை.

வலி நாளில் நான் ஒழுங்காகத்தான் இருப்பேன். வலி குறைந்த நாளில்தான் ஆசை வரும். போன மாதம் ஒரு காலை உடம்பு இலேசாக இருந்தது. பள்ளிக்கால நினைப்பில் சூரிய நமஸ்காரம் மூன்று சுற்று. அடுத்த மூன்று நாளும் என் சட்டைப் பொத்தானைக் கணவர்தான் போட்டுவிட்டார், அதுவும் ஒன்று மாற்றி. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்றவரிடம் சொல்ல மனமில்லாமல் அப்படியே இருந்தேன்.

இப்போது கைப்பேசியில் மணி வைத்திருக்கிறேன். அது அடித்ததும், இன்னும் செய்யலாம் போலிருந்தாலும், நாற்காலியை மேசைக்கே தள்ளிவிடுகிறேன்.